செல்லையா ஏற்றி வைத்த மேல் ஸ்தாயி

பியானோக் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் சாவியை மானேஜர் செல்லையாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்ட அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குக் காரணமும் நான்தான். பிள்ளைகளே, இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

யுத்தம் முடிந்திருந்த சமயம். கோட்டைப் பக்கம் ஒரு பியானோ கடையில் நானும் செல்லையாவும் ட்யூனர்கள். தாராவியில் அடுத்தடுத்த அறையில் குடியிருந்தோம். பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன ஒரு எலெக்ட்ரிக் மிஷின் கடைக்கு வந்தது. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் மிஷினின் கண்ணாடியில் கோடுகள் தெரியும். வலது பக்கம் ஓடினால் சுரம் ஏறியிருக்கிறது, இடது பக்கம் ஓடினால் இறங்கியிருக்கிறது. அசையாமல் நின்றால் சரி. மானேஜர் அதை என் பொறுப்பில் கொடுத்தார்.

செல்லையா காதால் ட்யூன் செய்து முடித்த ஒரு பியானோவை மிஷினில் வைத்துப் பார்த்தேன். நடுக் கட்டைகளில் கோடுகள் நின்றன. மேலே போகப் போக வலது பக்கம் ஓடின, கீழே போகப் போக இடது பக்கம். நேரே மானேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் மாதுங்காவில் குடியிருந்த ஐயர். "ஏன் ஓய், இத்தனை நாளா இப்படித்தான் பண்ணிண்டிருந்தீரா?"

"காதுக்குச் சரியாத்தான் இருக்கு சார்," என்றான் செல்லையா.

"உம்ம காதை யார் கேட்டா? மிஷின் பொய் சொல்லுமா?"

அன்றிலிருந்து அவனுக்குப் பியானோ தூக்குகிற வேலை.

இரண்டு வாரம் கழித்து தாதரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவை ட்யூன் செய்ய மிஷினோடு போனேன். எல்லாக் கட்டைக்கும் கோடு நிற்கும்படி வைத்தேன். பாட்டு டீச்சரம்மா பாளையங்கோட்டைக்காரர். கைகளை அகல விரித்து வாசித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"என்னய்யா, மேல சத்தம் செத்துல்லா கெடக்கு? போன தடவ செல்லையான்னு ஒருத்தர் வந்தாரு, மணி மாதிரி வச்சிட்டுப் போனாரு. அவர எங்க?"

ஒரு சுரத்தையும் அதன் மேல் ஆக்டேவையும், அதாவது அடுத்த ஸ்தாயியில் வரும் அதே சுரத்தையும், சேர்த்துத் தட்டினேன். சத்தம் அலையடித்தது. மேல் கம்பியை ஒரு மயிரிழை ஏற்றினேன். அலை நின்றது. மிஷினைப் பார்த்தேன். கோடுகள் வலது பக்கம் ஓடின.

பியானோக் கம்பி விறைப்பானது. அதற்குள்ளிருந்து சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரம் மிஷினின் கணக்கைவிடச் சற்று ஏறித்தான் வரும். அடுத்த ஆக்டேவை அந்த ஏற்றத்தோடுதான் சேர்க்க வேண்டும்; கீழே போகும்போது அதேபோல் சற்று இறக்க வேண்டும். செல்லையா செய்தது அதைத்தான்.

கடைக்குத் திரும்பி மானேஜரிடம் சொன்னேன். "அப்போ தப்பு உம்ம பேர்லயா?" என்றார். "ஆமா சார்," என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் சாவியைச் செல்லையாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அவனால் அதைப் பிடிக்க முடியவில்லை. பாரம் தூக்கி மணிக்கட்டு வீங்கியிருந்தது. வீக்கம் வற்றும்வரை அவன் கேட்டுச் சொன்னான், நான் சாவியைத் திருகினேன். எந்தக் கட்டைக்கு எவ்வளவு ஏற்றம் என்று மிஷினைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டேன்.

"மிஷின நம்புனதுல ஒரு கொறையும் இல்லவே," என்றான் ஒரு நாள். "பக்கத்து அறையிலதான இருந்தேன்? 'ஏன் இப்படி வச்சீரு'ன்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டீரா?"

கேட்கவில்லை. ஒருவர் வேலையில் தப்பு இருப்பதாக உங்களுக்குத் தெரிந்தால், முதலில் அவரிடமே போய்க் கேளுங்கள்.