சகலை மாட்டிய ஸ்பீக்கர்

காருக்கு ஸ்பீக்கர் மாட்டும் அந்தக் கடை மாமனாருடையது. மூத்த மகளைக் கட்டிய பெரிய மாப்பிள்ளையும் இளையவளைக் கட்டிய சின்ன மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமலே, ஒரே ஸ்குரூடிரைவர் பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

பெரியவர் கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடைக்கு வந்தவர். வயர் இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அவருக்கு ஒரே பிடிவாதம். பாட்டின் கனத்த அடியான பேஸ் ‘தும்’ என்று விழுந்தால் அங்கேயே நிற்க வேண்டும், பின்னால் வால் நீளக் கூடாது. தாளம் நின்ற பிறகும் ஆடப் பார்க்கும் ஸ்பீக்கர் கூம்பைப் பிடித்து நிறுத்துவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. அந்தப் பிடிக்கு டேம்பிங் என்று பெயர். ஸ்பீக்கரின் ஓம், அதாவது மின்தடை, குறைந்தாலும் பிடி தளரும். வயர் மெலிந்து நீண்டாலும் தளரும். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

“அண்ணன் வீட்ல குழந்தை அழுதாக்கூட டக்குனு நிறுத்தணும், இல்லேன்னா வயரை மாத்திடுவாரு” என்பான் சின்னவன், கடை நிறைய ஆள் இருக்கும்போது பார்த்து.

சின்னவன் வந்தது போன மழைக்காலத்தில்தான். இரண்டு ஸ்பீக்கர்களை இணையாகச் சேர்த்து நாலு ஓமை இரண்டாக்கி, சத்தத்தை ஏற்றிவிடுவான். கண்ணாடி கிடுகிடுக்கும். வந்தவர்களுக்கு வாயெல்லாம் பல்.

மாமனாருக்கு முட்டிவலி முற்றியது. “இனிமே நான் வீட்டோட இருக்கப்போறேன். கல்லாவுல ஒருத்தர்தான் உக்கார முடியும். யாருன்னு பாத்துச் சொல்றேன்” என்றார்.

பெரியவரின் மனைவி அன்றே ஆரம்பித்துவிட்டாள். “என் தங்கச்சி புருஷன்கிட்டப் போய் லீவு கேட்டு நிப்பீங்களா? அதையும் நான் பாக்கணுமா?”

அந்த வாரம் வேன் முதலாளி வந்தார். ஐந்து வேன்களை வாடகைக்கு விடுபவர். முதலில் ஒன்றைச் செய்யுங்கள், பிடித்தால் மற்றவையும் வரும் என்றார். மாமனார் அந்த வேனைச் சின்னவனிடம் தனியாக ஒப்படைத்தார்.

“தம்பிக்கு வயர் இழுக்கத் தெரியுமா, இல்ல பல்லு குத்தத்தான் தெரியுமான்னு கேட்டுட்டுக் குடுங்க மாமா” என்றார் பெரியவர். மாமனார் காதில் வாங்கவில்லை.

சின்னவன் தடித்த வயராகவே போட்டு, வேலையை ஒழுங்காகத்தான் முடித்தான். பெரியவருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து வேனுக்குள் ஏறினார். பின்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கி, தடித்த வயரை வெட்டினார். அழைப்புமணிக்குப் போடுகிற மெல்லிய வயரில் ஒரு சுருளை நடுவில் சேர்த்து, பழையபடி மூடினார். இனி பேஸ் கொழகொழவென்று இழுக்கும். முதலாளி காறித் துப்புவார். சின்னவன் கதை முடிந்தது.

சாயங்காலம் முதலாளி வேனில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். பேஸ் விழுந்தது, விழுந்த இடத்தில் நிற்காமல் சீட்டு, கதவு என்று உருண்டுகொண்டே போனது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

“அட! மாவு மாதிரி மெத்துமெத்துனு உடம்புக்குள்ள போகுதுய்யா!” என்று கத்தினார் முதலாளி. “மாட்டினது யாரு? நாலையும் நாளைக்கே அனுப்புறேன். அச்சு அசலா இதே மாதிரி வேணும்.” வேனை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியூர் சவாரிக்குக் கிளம்பிவிட்டார்.

மாமனார் சின்னவன் தோளில் தட்டினார். “கல்லாவுல நீங்களே உக்காருங்க மாப்பிள்ளை.”

பெரியவருக்குத் தாங்கவில்லை. “மாமா, அது இவன் வேலை இல்ல! நடுவுல மெல்லிசு வயரைச் சேத்துக் கெடுத்தது நான்!”

கடையே சிரித்தது.

“ஊரே பாராட்டுற வேலைய நான்தான் கெடுத்தேன்னு பங்குக்கு வர்றாரு பாருங்க” என்றான் சின்னவன். மாமனார், “பொறாமைக்கும் ஒரு அளவு வேணும் மாப்பிள்ளை” என்று எழுந்து போனார்.

வீட்டில் மனைவி மட்டும் நம்பினாள். “கெடுத்தேன்னு நீங்க சொன்னா நான் ஏன் நம்பாம இருக்கப்போறேன்? எங்கப்பாவுக்குத்தான் உங்களைப் பத்தித் தெரியாது.”

மறுநாள் இரண்டாவது வேன் வந்து நின்றது. கல்லாவில் உட்கார்ந்திருந்த சின்னவன், காலை ஆட்டிக்கொண்டே குரல் கொடுத்தான். “அண்ணே, நேத்து நான் மாட்டினேன்ல, அதே மாதிரி மாட்டுங்க. உங்க கைவரிசை எதையும் காட்டாதீங்க.”

பெரியவர் தடித்த வயர்ச் சுருளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சத்தியமா எதுவும் காட்டமாட்டேன் தம்பி” என்றபடி வேனுக்குள் ஏறினார். “நீங்க மாட்டினது எப்படியோ, அப்படியே.”