அக்சிலியா வீட்டுக் கட்டிலுக்கு அடியில்

அக்சிலியாம்மாவின் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை இறங்கி முடிகிற இடத்திலிருந்து ஒரு சந்து உள்ளே இருக்கிறது. ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. வெள்ளிக் கொலுசுக்கு மணி கோர்ப்பது அவர் வேலை. கணவர் கஸ்பார் லாரி ஓட்டுநர். போன தவக்காலத்தில் நாக்பூர் அருகே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே இறந்துபோனார். மகன் ஜெர்ரி ஓசூரில் வேலை செய்கிறான். அடக்கத்துக்கு வந்தவன் கல்லறைத் தோட்டத்திலிருந்தே பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்குள் வரவில்லை.

நாங்கள் நடத்தும் நாய்க் காப்பகத்துக்கு அவரே தேடி வந்தார்.

"வீட்டுல மூச்சு விடற ஒண்ணு வேணும் பாப்பா."

நான் சிட்டுவைக் கொடுத்தேன். செம்பட்டை நிறப் பெட்டை. ஒரு லாரி ஷெட்டில் சங்கிலியோடு கிடந்ததை அவிழ்த்து வந்திருந்தோம். வீட்டுக்குள் விட்டதும் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"கூப்பிடாதீங்க, கண்ணைப் பார்க்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து உங்க வேலையைச் செய்ங்க, அதுவா வரும்" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். கட்டில் காலருகே தரையில் அமர்ந்து மணி கோர்த்தார். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டால் சிட்டு தயிர்சோறு தின்னும் அளவுக்கு வந்தது. ஒரு மத்தியானம் அதன் மூக்கு தன் புடவைத் தலைப்பைத் தொட்டது என்று போனில் சொன்னார். நாய்க்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

ஆனால் விளக்குப் போடுகிற நேரம் வந்தால் சிட்டு வாசல் பக்கமே பார்த்து முனகும். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பொன்னாயி திருச்செங்கோட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அது சும்மா முனகலீங்க. உங்க ஊட்டுக்காரரு வந்து நிக்கறாரு. நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

"போ பொன்னாயி. உசுரோட இருந்தப்பவே அவர் நேரத்துக்கு வந்ததில்ல."

"அப்ப வண்டி இருந்துச்சுங்க. இப்ப நடந்து வாராரு." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நாய்கிட்ட ஒரு இரும்பு போட்டு வைங்க. எதுவும் அண்டாது."

மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைக் கட்டிலைச் சுற்றித் தெளித்தார் அக்சிலியாம்மா. அது போதாது என்று தோன்ற, இரும்புக்கும் தேடினார். லாரியிலிருந்து கொடுத்தனுப்பிய கஸ்பாரின் மூட்டையில் டயர் கழற்றும் லீவர் இருந்தது. கைபட்டுக் கைபட்டு ஒரு முனை வழவழப்பாகியிருந்தது. அதை எடுத்துக் கட்டிலின் கீழே, நாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

அதன் பிறகு சிட்டு சோற்றைத் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது.

"எடுத்துட்டுப் போயிடு பாப்பா" என்று போனில் அழுதார். "இது இங்க இருக்கறது அவருக்குப் பிடிக்கல. பட்டினி கிடந்தே செத்துடும்."

கழுத்துப் பட்டையும் கயிறுமாகப் போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்சிலியாம்மா கடைசியாக ஒருமுறை கட்டிலருகே அமர்ந்து கொலுசை மடியில் வைத்திருந்தார். சாலையில் ஒரு லாரி வந்து நிற்கும் சத்தம். மலை இறங்கி வந்த வண்டியின் கிளீனர் ஒவ்வொரு டயராக இரும்பால் தட்டிக் காற்றுப் பார்க்கிறான். தொம். தொம். அந்த ஊரில் தினமும் விளக்குப் போடுகிற நேரத்தில் கேட்கிற சத்தம். யாரும் காதில் வாங்குவதில்லை.

சிட்டு தரையோடு தரையாகப் படிந்தது.

அக்சிலியாம்மாவின் விரல்களும் நின்றுவிட்டன. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. மணி ஒன்று உருண்டு போனது, அவர் எடுக்கவில்லை. சத்தம் ஓய்ந்து, லாரி கிளம்பிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நாயை, பிறகு அதன் பக்கத்தில் கிடந்த லீவரை.

"ஜெர்ரியும் இங்கதான் படுத்துக்குவான்" என்றார். "அவங்கப்பா டிரிப் முடிஞ்சு வந்தா வாசல்லயே இதால கதவு நிலையைத் தட்டுவாரு. அப்புறம் இவனை இழுத்து நிக்க வெச்சு, காலுல தட்டுவாரு. காத்து இருக்கான்னு பாக்கறேன்டான்னு. வெளையாட்டாத்தான் சொல்லுவாரு. இவன் வாயிலேர்ந்து சத்தம் வர்ற வரைக்கும் தட்டுவாரு."

இன்னும் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே எடுத்துக் கொண்டுபோய் அது பக்கத்துல வெச்சிருக்கேன் பாரு."

கையை உள்ளே விட்டு லீவரை மெல்ல, தரையில் உரசாமல் இழுத்தார். பழைய துண்டில் சுற்றினார். என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, துண்டில் சுற்றிய லீவரை என்னிடம் கொடுத்தார்.

"இதை எடுத்துட்டுப் போ. நாய் இருக்கட்டும்."

வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்கூட்டரின் பெட்டிக்குள் அது இடித்துக்கொண்டே வந்தது.

சிட்டு இப்போது சாப்பிடுகிறது. பகலில் அவர் காலருகே வந்து படுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்ரி போன் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். நாய் எங்கே படுக்கிறது என்று கேட்டான்.

"உன் இடத்துலதான்."

"அந்த இரும்பு?" என்றான்.

"வீட்டுல இல்ல."

போனை வைத்துவிட்டான். வருவதாகச் சொல்லவில்லை.

வெளியே லாரி வந்து நின்றது. சிட்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. அக்சிலியாம்மா கோர்த்த கொலுசுகளை ஒரு கொத்தாக அள்ளிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, அதன் பின்னாலேயே நுழைந்தார். தொம் என்று கேட்கும்போதெல்லாம் உள்ளிருந்து அவர் குலுக்கும் மணிச்சத்தம் வந்தது.