கார்டு கேட்காத உரிமை

எங்கள் ப்ளாக்கில் செசிலியாக்காவைப் போலச் சந்தேகப் பிராணி கிடையாது. மாதா கோவிலில் தீர்த்தம் தெளித்தால்கூட எந்தக் குழாயில் பிடித்தது என்று கேட்பார். நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்டர் ஷெட்டில் பெண்கள் ஓய்வறைச் சாவி அவரிடம்தான். தினமும் பார்க்கிற முகமானாலும் ஷெட்டின் வேலைக் கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும்.

போன மாதம் சமுதாயக் கூடத்தில் ‘உரிமை முகாம்’ என்று போர்டு வைத்தார்கள். அரசு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகைக்குத்தான் என்று நினைத்து, ரேஷன் கார்டும் ஆதாருமாக விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். அங்கே ஆசிஃபா என்ற வக்கீல் பெண், “இது மனித உரிமைங்கக்கா, தொகை கிடையாது” என்றாள். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“இதுக்கு எந்தக் கார்டு வேணும்?” என்றார் செசிலியாக்கா.

“எதுவும் வேணாங்க. மனுஷியாப் பொறந்தா போதும். எந்த ஊரு, எந்த மதம்னு பாக்கவே கூடாது.”

அக்கா என் காதில் கிசுகிசுத்தார். “கார்டு கேக்காம எவன்டி எத குடுத்திருக்கான்? இது ஏதோ ஏமாத்து வேல.”

அடுத்த வாரம், மத்தியான வெயிலில், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் ஷெட் வாசலில் வந்து நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், புடவையில் ரத்தம். வேறு கான்ட்ராக்டரின் ஆள், இந்த ஷெட்டுக்கு அவளிடம் கார்டு இல்லை.

“நடிக்கிறாளோன்னுதான் மொதல்ல பாத்தேன்” என்று அக்காவே பிறகு என்னிடம் சொன்னார். “ஆனா அந்த வக்கீல் பொண்ணு பேச்சு மனசுல ஒக்காந்துக்கினு எழுந்து போவமாட்டேங்குது, சனியன்!”

கதவைத் திறந்து, அவளைப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸையும் கூப்பிட்டார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். அக்காவின் வேலைதான் பிழைக்கவில்லை. “எந்தக் கார்டப் பாத்துத் தொறந்த?” என்று கத்தி, கான்ட்ராக்டர் வைத்திலிங்கம் சாவியோடு அக்காவின் கார்டையும் பிடுங்கிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவை ஆசிஃபாவின் ஆபீசுக்கு இழுத்துப் போனேன்.

“நீ சொன்னத நம்பித் தொறந்தேன்மா, என் பொழப்பு போச்சு” என்றார் அக்கா. “அந்த உரிமை இப்ப எனக்கு உண்டா, இல்ல சும்மா பேச்சா?”

ஆசிஃபா பேனாவை எடுத்தாள். “கண்டிப்பா உண்டுங்கக்கா. உங்க கார்டு கொண்டாந்தீங்களா?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா அவளையே முறைத்தார்.

“பொறந்தா போதும்னியேம்மா?”

ஆசிஃபாவின் முகம் சிறுத்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். “வாங்கக்கா, அந்தக் கான்ட்ராக்டர நேர்ல போயே கேக்கலாம்.”

அக்காவுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. எங்கே நழுவிவிடுவாளோ என்று, அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே போனார்.