நான் எழுதிக்கொடுத்த சாப்பாட்டுச் சீட்டு

திருப்பதியில் உணவூட்டவியல் படிக்கச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நைனாவுக்குச் சர்க்கரை என்று சித்தூர் ஆஸ்பத்திரியில் சொன்ன வாரமே ஊருக்குப் போய், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். வெள்ளைச் சோறு கூடாது, மூன்று வேளையும் கேழ்வரகுக் களி, தினமும் கீரை, தக்காளி இஷ்டம்போல. குத்தகை நிலத்தில் நைனா போடுவதே தக்காளிதான். அம்மா நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டினாள்.

நைனாவுக்குச் சின்ன வயதில் சோறு என்பது பண்டிகை நாள் சமாச்சாரம். கூலிக்குப் போய், பிறகு குத்தகை பிடித்து, தினமும் சோறு சாப்பிடுகிற நிலைக்கு வந்தவர். அவரைத்தான் மறுபடி களிக்குத் துரத்தினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணப் பந்தியில்கூடச் சோற்றை ஒதுக்கிவிட்டு, "எம் பொண்ணு வாணான்னு எழ்திக் குட்த்துக்கிறா" என்று பக்கத்து இலைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டாராம்.

இரண்டு வருஷம் அப்படிச் சாப்பிட்டார். நடுவில் கால் வீங்கியது. வெயிலில் நின்றதால் என்றார், நம்பினேன். படித்தவள் நம்பியிருக்கக் கூடாது.

நோயாளிகளின் உணவு பற்றிய பாடம் மூன்றாம் ஆண்டில்தான் வந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எதெல்லாம் ஆகாது என்று ஆசிரியை போர்டில் எழுதினார்: கீரை, தக்காளி, கேழ்வரகு. ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கும், இதயமே நின்றுபோகலாம் என்றார். சாப்பிடலாம் என்ற பக்கத்தில் முதலில் எழுதியது வெள்ளைச் சோறு. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததை அப்படியே புரட்டிப் போட்டிருந்தார்.

மறுநாளே நைனாவை வரவழைத்து ரத்தம் பார்த்தோம். இரண்டு கிட்னியும் முக்கால்வாசி போயிருந்தன. பொட்டாசியம் ஏறிக் கிடந்ததால் உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள். கெடுத்தது சர்க்கரைதான், சாப்பாடு இல்லை என்றார் டாக்டர். கெட்டுப்போன கிட்னிமேல் இரண்டு வருஷம் பாரம் ஏற்றியது யார் என்று அவர் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். இனி செய்வதற்கு எதுவுமில்லை, கேட்டதைக் கொடுங்கள் என்று அவர் வீட்டாரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பிரியாணி ஊட்டியதை நைனா பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். இரண்டாம் நாள் அந்தக் கட்டில் காலியானது.

அன்று மத்தியானம்தான் நான் சோற்றுத் தட்டோடு போய் நின்றேன்.

"களி வாணா நைனா. இனிமே சோறே துன்னு."

தட்டைப் பார்த்தார். காலிக் கட்டிலைப் பார்த்தார்.

"அவ்ளோதானா கண்ணு?"

பொட்டாசியம், கேழ்வரகு, என் தப்பு என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அழுகையில் பாதி எனக்கே புரியவில்லை. 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அதற்கு நான் கொஞ்சம் குறைவாகப் படித்திருக்க வேண்டும்.

நைனா தலையை ஆட்டினார். சீட்டு எழுதிக் கொடுத்த அன்றும் இப்படித்தான் ஆட்டினார்.

"நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, "அம்மாகிட்ட இப்பவே சொல்லிக்கினு இருக்காத" என்றார்.