அவர் முதுகும் போஸ் சமவெளியும்

என் கணவரின் முதுகு எனக்கு மனப்பாடம். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம். மஞ்சள் ஜேர்சியின் நடுவில் வியர்வை முதலில் வெற்றிலை அளவில் தோன்றி, சைக்கிள் பொபினி என்ற ஊரைத் தாண்டும்போது சுளகு அளவுக்கு விரிந்துவிடும். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்ஸ் தேசத்தை நான் பார்த்ததெல்லாம் அந்த முதுகின் இரண்டு ஓரங்களாலும்தான்.

சின்ன மகள் துலூஸ் நகரத்துக்குப் படிக்கப் போன பிறகு, எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பல் பகுதியில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். நான் ஒரு சலவைக் கடையில் உடுப்பு அயர்ன் பண்ணுகிறவள். நாள் முழுக்க ஆவிக்குள் ஒரே இடத்தில் நிற்கும் வேலை. அப்படி நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் காலை நீட்டி உட்காரத்தானே ஆசை வரவேண்டும்? எனக்கு வரவில்லை. குசினிக்கும் யன்னலுக்குமாக நடந்தேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். கீழே போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்து, மல்லி மறந்தேன் என்று திரும்பவும் இறங்கினேன்.

“என்னப்பா, காலிலை சக்கரமோ பூட்டியிருக்கு? ஒரு இடத்திலை இரன்,” என்பார் இவர்.

“சக்கரத்தை வாங்கித் தாங்கோ, பூட்டுறன்,” என்றேன் ஒரு நாள், எரிச்சலில்.

மனுஷன் அதை உண்மை என்று எடுத்துவிட்டார். அடுத்த கிழமையே பாவித்த ரேஸ் சைக்கிள் இரண்டு படியேறி வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. “நீ தனியப் போனால் சனம் என்ன கதைக்கும்? நானும் வாறன்,” என்றார். இவர் மளிகைக் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். ஞாயிறு ஒன்றுதான் அவர் கண்ணயரும் நாள். அதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. சேர்ச் பூசையைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிவிட்டு ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம்.

லா வில்லெத்திலிருந்து ஊர்க் என்ற கால்வாயின் கரையைப் பிடித்தால் பாந்தன், பொபினி எல்லாம் கடந்து நேரே வயலுக்குள் போய் விழலாம். அதற்கப்பால் பிறீ சமவெளி. கோதுமை, கடுகு, பீற்றூட். மேடு என்று சொல்ல ஒரு பாலம் கூடக் கிடையாது. பிறகு நிலம் மெல்ல இறங்கி மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரும். பழைய கல் வீடுகளும் மோ நகரத்துப் பெரிய தேவாலயமும் தெரியும். மேடு இல்லாத ஊரில் சைக்கிளுக்கு எதிரி காற்று மட்டும்தான். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக்கொண்டு போக, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு வேலை பாதியாகிவிடும். வெள்ளைக்காரக் கூட்டங்கள் முன்னுக்கும் பின்னுக்குமாக மாறி மாறித்தான் ஓடும்.

எங்களுக்குள் மாற்றம் கிடையாது. முதல் நாளே இவர் சொல்லிவிட்டார்: “நீ எனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வா. காத்து உனக்குப் படக்கூடாது.”

தெருவில் நடந்தாலும் இவர் இரண்டடி முன்னால்தான். அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குள் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. என் கால் இவர் காலை விடப் பலம். இத்தனை வருடம் நின்று நின்று உரம் ஏறிய கால். கொஞ்சம் அழுத்தினாலும் இவருடைய பின்சக்கரத்தில் போய் முட்டுவேன். முந்திப் போகலாம். போனால் மனுஷனின் முகம் என்ன ஆகும்? லா சப்பலில் தெரிந்தவர்கள் யாராவது கண்டால், “அக்கா பறக்கிறா, அண்ணை பின்னாலை இழுபடுறார்” என்று தேத்தண்ணிக் கடையில் பகிடி பண்ணியே ஆளைச் சாக்கொல்லுவார்கள். ஆகவே நான் பிரேக் பிடித்தேன். பிறீ சமவெளி முழுக்க, மார்ன் கரை முழுக்க, மூன்று வருடமாகப் பிரேக்கில் விரலை வைத்தபடி ஓடினேன்.

ஒருமுறை சைக்கிள் திருத்துகிற பிரெஞ்சுக்காரன் என் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மேடம் மலையிலா ஓடுகிறீர்கள்?” என்று கேட்டான். நான் வாயைத் திறக்க முதல் இவர், “அவவுக்குப் பயம். அதுதான் எந்த நேரமும் பிரேக்கைப் பிடிக்கிறவ,” என்று அவனுக்குப் பிரெஞ்சில் விளக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டையை எடுத்து இவர் தலையில் எறிந்திருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கடைச் சுவரில்தான் அந்த அறிவித்தலைக் கண்டேன். எதாம்ப் நகரில் காலையில் தொடங்கி, போஸ் சமவெளியைக் குறுக்கே வெட்டி, லுவார் ஆற்றோரமாக புளுவா நகரம் வரை ஒரு நெடும் சவாரி. மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. என்ன பைத்தியமோ தெரியாது, அதைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எனக்கென்று நான் எதையும் ஆசைப்பட்டது கிடையாது. பிள்ளைகள் பாஸ் பண்ண வேண்டும், இவருக்கு விசா கிடைக்க வேண்டும் என்றுதான் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். இது எனக்கு வேண்டும். ஐந்து மணிக்கு முன்னால் புளுவாவில் என் காலால் நான் போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

“போவம், அதுக்கென்ன,” என்றார் இவர்.

ஜூன் மாதத்து ஞாயிறு. எதாம்பில் நூறு பேரளவில் நின்றார்கள். எங்கள் நிறத்தில் நாங்கள் இருவர்தான். ஊரை விட்டு ஏறியதும் போஸ் விரிந்தது. அப்பப்பா! பிறீ எல்லாம் அதற்கு முன்னால் கொல்லைப்புறம். பழுக்கத் தொடங்கிய கோதுமை கண்ணுக்கெட்டின மட்டும் கிடந்தது. தூரத்தில் கோவில் என்று நினைத்துக் கிட்டப் போனால் தானியம் சேமிக்கிற கொங்கிரீட் கோபுரமாக இருக்கும். வரிசையாகக் காற்றாலைகள். அவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் காற்று எங்களுக்கு எதிர் என்று அர்த்தம். அன்றைக்கு எல்லாம் முதுகைத்தான் காட்டின.

தொடங்கிய கொஞ்சத்திலேயே எல்லோரும் எங்களை விட்டுப் போய்விட்டார்கள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர்கூட “போன் ரூத்” என்று வாழ்த்திவிட்டுப் போனார். இவர் தலையைக் குனிந்து மிதித்தார், மிதித்தார், சைக்கிள் நகரவில்லை. முதுகு முழுக்க நனைந்துவிட்டது. நான் அந்த எதிர்க்காற்றிலும் பிரேக் பிடித்தேன், நம்புவீர்களா? உள்ளுக்குள் கொதித்தது. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்ப்பதும் இவர் முதுகைப் பார்ப்பதுமாக வந்தேன். கடவுளே, கொஞ்சம் கெதியாப் போங்கோவேன் என்று நான் முணுமுணுத்தது காற்றோடு போனது.

மத்தியானம் தாண்டித்தான் சமவெளி முடிந்தது. வீதி சரிந்து இறங்கியதும் லுவார் தெரிந்தது. அகன்ற ஆறு. நடுவில் மணல் திட்டுகள். போஜான்சி என்ற சின்ன ஊரில், பல வளைவுகள் வைத்த பழைய கல்பாலத்தடியில், இவர் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுச் சரிந்தார். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. நான் குந்தி உட்கார்ந்து உருவிவிட்டேன். பயத்தம் உருண்டை ஒன்றை அவர் வாயில் வைத்தேன்.

“இனி ஆறுதலாப் போவம்,” என்றார். “அஞ்சு மணியெண்டால் என்ன, ஆறு மணியெண்டால் என்ன? ஆர் கேக்கப் போகினம்?”

அவ்வளவுதான். எனக்கு வந்ததே!

“நான் கேப்பன்! எனக்கு அஞ்சு மணிக்கு அங்கை நிக்கவேணும்!”

“ஏனப்பா கத்துறாய்? இந்தக் காத்திலை மனுசர் இதைவிடக் கெதியாப் போகேலுமோ?”

“ஏலும். எனக்கு ஏலும். மூண்டு வருசமா உங்களுக்குப் பின்னாலை பிரேக் பிடிச்சுக்கொண்டு வாறன், தெரியுமோ?”

அவர் காலை உருவிய என் கை நின்றது. இவர் என்னைப் பார்த்தார்.

“பயத்திலையெல்லே பிடிக்கிறாய் எண்டு நினைச்சன்.”

“பயமோ? எனக்கோ?”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் காத்தை வெட்டிக்கொண்டு போறியள். எனக்காகத்தானே போறியள். அரக்கி வழி விடுங்கோ, நான் போறன் எண்டோ சொல்லுறது?”

இவர் பக்கத்தில் கிடந்த சைக்கிளைக் கையால் தள்ளிவிட்டார். பிறகு, “எனக்கு இந்தக் கோதாரிச் சைக்கிள் பிடிக்கிறேல்லை,” என்றார். “சனி இரவே, நாளைக்கு மழை பெய்யாதோ எண்டு பாப்பன். நீ தனியக் காத்திலை கஷ்டப்படுவாயெண்டுதான் வாறனான்.”

மூன்று வருடம்! ஒருவர் விரும்பாததை மற்றவருக்காக மிதித்தார். மற்றவர் விரும்பியதை இவருக்காகப் பிடித்து நிறுத்தினார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல இரண்டு பேருக்கும் மரியாதை விடவில்லை. எங்கள் ஆட்களை விட வேறு யார் இப்படிச் செய்வார்கள்? எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓவென்று அழவும் வந்தது.

“போ,” என்றார் இவர். “நான் றெயினிலை வாறன். ஸ்ரேசன் மேலைதான் இருக்கு.”

“காலேலாமல் கிடக்கிற மனுசனை விட்டிட்டு எப்பிடிப் போறது?”

“போகேல்லையெண்டால் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவாய். அதை ஆர் தாங்கிறது? எழும்பு. போ.”

போய்விட்டு வாறன் என்று சொல்லி ஏறினேன். முதல் பத்து மிதிக்கு நெஞ்சு பின்னால் இழுத்தது. பிறகு ஆற்றங்கரை அணைக்கட்டு வீதியில் ஏறினேன். காற்று நேரே முகத்தில் அறைந்தது.

இதை எப்படிச் சொல்வேன்? எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வீதி இருந்தது, ஆறு இருந்தது, வானம் இருந்தது. காதுக்குள் காற்று இரைந்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது. பிரேக்கிலிருந்து விரலை எடுத்துக் கைபிடியின் வளைவைப் பிடித்துக் குனிந்தேன். கால் தானாகவே ஓடியது. அணுமின் நிலையத்தின் பெரிய கோபுரங்கள் ஆவி கக்கிக்கொண்டு வந்தன, போயின. காலையில் எங்களை முந்திய கிழவரைப் பிடித்தேன். “போன் ரூத்!” என்று கத்தினேன். மனுஷன் திகைத்துப் போனார். பிறகு என் வாய் பாட்டுப் போல ஏதோ உளறியது. தமிழா பிரெஞ்சா என்று எனக்கே தெரியாது.

புளுவாவின் கல்பாலத்தைக் கடந்து, அக்கரையில் போட்டிருந்த கூடாரத்தடியில் காலை ஊன்றினேன். ஐந்து அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மேசையில் இருந்த பெண் கை தட்டி, ஒரு கிளாஸ் சர்பத் நீட்டினாள். அதை நான் பாதி குடித்து முடிப்பதற்குள் இவர் பாலத்துப் பக்கமிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

“எப்ப வந்தனீங்கள்?” என்று கத்தினேன். “நேரத்துக்கு வந்திட்டன் பாத்தியளோ!”

“பாத்தனான். பாலத்திலைதான் நிண்டனான். கையைக் காட்டிக் கூப்பிட்டனான். எனக்குப் பக்கத்தாலைதான் போனனீ.”

“ஐயோ, சத்தியமாக் காணேல்லையப்பா.”

“அது தெரியும்.” சைக்கிளை மதிலில் சாத்தினார். சாத்தியது சரிந்தது. திரும்பச் சாத்தினார். “சிரிச்சுக்கொண்டு போனனீ. தனியச் சிரிச்சுக்கொண்டு. நான் எந்த நாளும் முன்னுக்கெல்லே, உன்ரை முகத்தை நான் கண்டதில்லை.” சைக்கிளின் கைபிடியை நேராக்கினார். “கலியாணம் கட்டி இவ்வளவு காலம். இந்தச் சிரிப்பை எங்கையப்பா வைச்சிருந்தனீ?”

பகிடி போலத்தான் கேட்டார். குரலில் பகிடி இல்லை.

எங்கும் ஒளித்து வைத்திருக்கவில்லை. அது அன்றைக்குத்தான் வந்தது. அவர் இல்லாத வீதியில் வந்தது. இதை ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டேன். குடிப்போம் என்றார். கடையைத் தேடி நடந்தோம். இந்தமுறை நான் இரண்டடி முன்னால் போய்விட்டேன் என்பதைக் கடை வாசலில்தான் கவனித்தேன். நின்றேன். அவர் வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.