ஏரிக்குப் போகும் வண்டிப்பாதை

செண்பகத்தின் இரண்டு எருமைகளைத் தெரியாதவர் வளவனூரை ஒட்டிய அந்த ஊரில் கிடையாது. விடிந்ததும் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றுவாள். நூறு நாள் வேலை இருந்தால் மண்வெட்டியோடு கிளம்புவாள். மத்தியானம் எருமைகளை ஏரிக்கு ஓட்டுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. எருமை தண்ணீரில் கிடந்தால்தான் பால், பால் இருந்தால்தான் அவள் வீட்டில் உலை.

சித்திரை பிறந்த நாலாம் நாள், வண்டிப்பாதையில் இரும்பு கேட் நின்றது. பக்கத்து நிலத்தை மனை போட்டு விற்கிறவர்கள் வைத்தது. இரண்டு பக்கமும் கம்பிவேலி. செண்பகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏரிக்குப் போகிற வழியை ஒருவன் பூட்டுவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. எருமைகளுக்கு இதெல்லாம் புரியுமா? கேட்டை முட்டிக்கொண்டே நின்றன.

உட்கார்ந்து அழுகிற பிறவி இல்லை அவள். ஆடு வளர்க்கும் பிரபாவதியையும் இன்னும் பத்துப் பெண்களையும் திரட்டிக்கொண்டு போய் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிட மூன்று வாரம் ஆனது. அதற்குள் பால் பாதியாகிவிட்டது. ஓர் எருமையை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே அழைத்தார்கள்.

"அந்தப் பாதை வேணாம்னு உங்க கிராம சபையே தீர்மானம் போட்டுக் குடுத்திருக்குதேம்மா," என்றார் அதிகாரி.

"யாருங்க சார் போட்டது? அவங்க பேரைச் சொல்லுங்க."

அவர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். குடியரசு தினச் சபை. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். முதலாவதாக, கொட்டை எழுத்தில், செண்பகம்.

தலையில் இடி விழுந்தது போலிருந்தது அவளுக்கு. சபை நடப்பது எங்கேயோ, கையெழுத்து விழுவது நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில். வருஷா வருஷம் அதுதான் வழக்கம். வேலைப் பொறுப்பாளர் திருமுருகன் சபை நோட்டை நீட்டுவான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த வாரம் வேலை கிடைக்காதோ என்று பயம். அன்று மற்றவர்கள் தயங்கியபோது, "போட்டுத் தொலைங்கடி, நேரமாவுது," என்று முதலில் நோட்டைப் பிடுங்கியவளே இவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

"மே தின சபை முடிஞ்சுபோச்சு. ஆகஸ்ட் சபையில மறு தீர்மானம் போட்டு எடுத்துட்டு வாங்க," என்று அதிகாரி கோப்பை மூடினார். ஆகஸ்ட் வரைக்கும் எருமை தண்ணீருக்கு எங்கே போகும்? செண்பகம் எழுந்து வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள்.

"இன்னாக்கா சொன்னாங்க? எவன் எழுதிக் குடுத்தானாம்?" என்றாள் பிரபாவதி.

யார் பேரையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். செண்பகத்துக்கு மனசு வரவில்லை.

"நாமதான்டி. நூறு நாள் வேலையில நோட்டு குடுத்தானே, அதுதான். மொத கையெழுத்து என்னுது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிரபாவதிதான் சொன்னாள்.

"நீ போட்டேன்னுதானேக்கா நாங்களும் போட்டோம்."