மெழுகக்கா கேட்காத மன்னிப்பு

மரத்துக்கு மெழுகு பூசுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு மெழுகக்கா பதில் சொல்வதில்லை. மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். கேட்டவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். வைரம் பாய்ந்த மரமே ஆனாலும், வெட்டிய முகத்தில் காற்றுப் பட்டால் உலர்ந்து வெடித்துவிடும். வெடித்த தடியை அக்கரை நாட்டுக்காரர்கள் வாங்கமாட்டார்கள். எனவே கப்பலேறுமுன் ஒவ்வொரு தடியின் இரு முனையிலும் மெழுகு பூசவேண்டும். அறுப்பு மில்லின் கிடங்கில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் செய்வது அதைத்தான். "இந்த வாயோடு குடும்பம் நடத்த முடியாது" என்று புருஷன் கிளம்பிப் போன பிறகு வாயும் தூரிகையும்தான் மிச்சம். இரண்டும் இன்றுவரை பழுதில்லாமல் வேலை செய்கின்றன.

அவளுடைய தம்பிக்கும் அதே மில்லில்தான் பிழைப்பு. எங்கெங்கோ முட்டிமோதி அக்கரை மொழியைக் கற்றுக்கொண்டவன். முதலாளிக்கு அந்த மொழியில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. வியாபாரம் பேசும்போதெல்லாம் தம்பிதான் நடுவில் நிற்பான். அலுவலகச் சுவரில் இரு நாட்டு அமைச்சர்களும் கைகுலுக்கும் படம் ஒன்று உண்டு. மர வர்த்தக ஒப்பந்தமாம். இருவருமே மரத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் இல்லை என்று அந்தக் கைகளே சொல்லும்.

மழைக்காலத்தில் நல்ல தடி கிடைக்கவில்லை. உளுத்துப் பொந்து விழுந்த தடிகளைக் கொண்டுவந்து, பொந்துக்குள் மரத்தூளைத் திணித்து, "மேலே மெழுகைப் பூசு" என்றார் முதலாளி.

"மொதலாளி, இது மரமா, தலையணையா?" என்றாள் மெழுகக்கா. தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். வேறு யாரையோ வைத்துப் பூசிக் கப்பலேற்றினார்கள்.

அக்கரையில் அறுத்தபோது மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. ஏகப்பட்ட ரகளை. கொள்முதல்காரர் நேரிலேயே புறப்பட்டு வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி அரைநாள் யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். விவரம் தெரியாத ஒரு பெண்பிள்ளை பொந்தைக் கவனிக்காமல் பூசித் தொலைத்துவிட்டாள். அந்தப் பெண்பிள்ளை யார்? பூசமாட்டேன் என்ற ஒரே ஆள்!

இதைச் சொல்ல வீட்டுக்கு வந்த தம்பி அடுக்களை வாசலிலேயே நின்றான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடு."

"ஒரே வார்த்தைதானே? உங்க மொதலாளி சொல்லட்டுமே. வாய் சுளுக்கிக்கிச்சா அவருக்கு?"

"ஆர்டர் போச்சுன்னா மில்லையே மூடிடுவாங்க. ஏற்கனவே வேலைக்கு எங்கேயும் வழியில்லே."

"செய்யாத தப்புக்கு நான் தலைகுனிஞ்சா, நாளைக்கு எந்தக் கிடங்கிலேடா என்னை நம்பித் தூரிகையைக் கொடுப்பாங்க?"

"நீ வராட்டி நாளைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாரு."

"வரமாட்டேன்னு யாரு சொன்னா? வர்றேன். வந்து என்ன சொல்றேன்னு மட்டும் கேளு."

வந்தாள். அலுவலகத்தில் கொள்முதல்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெழுகக்கா நின்றபடியே பிடிபிடியென்று பிடித்தாள்: "நான் பூசலே. பூசமாட்டேன்னு சொன்னேன். பூசச் சொன்னவர் இதோ காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. மன்னிப்பு வேணும்னா அவரைக் கேளுங்க."

தம்பி மொழிபெயர்த்தான். கொள்முதல்காரர் முகம் மலர்ந்து, எழுந்து வந்து, அவள் தோளில் ஆதரவாகத் தட்டினார். முதலாளியும் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

இவ்வளவையும் கேட்டவன் முகம் மலர்ந்து தோளைத் தட்டுவானா? மெழுகக்காவுக்குச் சுரீர் என்றது.

"டேய், என் வாயாலே மன்னிப்புக் கேட்டுட்டியா?"

தம்பி தரையைப் பார்த்தான்.

கொள்முதல்காரரின் சட்டைக் கையைப் பிடித்துக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த கப்பலுக்கான தடிகள் மெழுகும் பளபளப்புமாகக் காத்திருந்தன. சுரண்டியை எடுத்து ஒன்றின் முகத்தைச் சுரண்டினாள். மரத்தூள் கொட்டி அவர் பூட்ஸை மூடியது. கையை முழங்கைவரை பொந்துக்குள் விட்டுக் காட்டினாள். பின்னாலேயே ஓடிவந்த முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

கொள்முதல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தம்பியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றான்?"

"சீக்கிரம் மூடச் சொல்றாரு, அக்கா. அவருக்கு முன்னாடியே தெரியுமாம். அதனாலதான் சல்லிசா வாங்குறாராம். அங்கே இவருகிட்டே வாங்கிட்டுக் கத்துறவங்களுக்கு யார் பேரையாவது சொல்லணுமேன்னுதான்…"

இரண்டு நாடு, இரண்டு சட்டம், நடுவில் ஒரு கடல், எத்தனை முத்திரை, எத்தனை கையெழுத்து! எல்லாவற்றிலும் இழுபறி. பழியை எந்தத் தலையில் இறக்குவது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் எப்படி ஒரு மனப் பொருத்தம், பாருங்கள்.

மெழுகக்கா கையிலிருந்த தூளைத் தட்டினாள். "இப்ப நான் சொல்றதைத் தேன் தடவாம சொல்லு. இந்த ரெண்டு திருடனுங்களுக்கு நடுவிலே என் பேரு வேணாம். பொந்தை மூடணும்னா மொதலாளியும் இவனும் சேர்ந்து பூசிக்கட்டும்."

தம்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி கண்ணாலேயே எச்சரித்தார். தம்பி திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். கொள்முதல்காரரின் காது இரண்டும் சிவந்தன.

"என்னடா சொல்லித் தொலைச்சே?" என்று அலறினார் முதலாளி.

"அக்கா சொன்னதைத்தான் மொதலாளி. திருடனுக்கு அவங்க மொழியிலே ரெண்டு வார்த்தை இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் போட்டேன்."

பொழுது சாய்வதற்குள் அக்கா, தம்பி இருவருக்கும் வேலை போயிற்று. நடந்தது மொழிபெயர்ப்புக் கோளாறு என்று இரு தரப்பும் சுமுகமாக முடிவு செய்தன. புதிய மொழிபெயர்ப்பாளர் வந்தார், தடிகள் கப்பலேறின. அமைச்சர்கள் இன்னும் கைகுலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மெழுகக்காவுக்கு ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் தூரிகை கிடைத்துவிட்டது. அவள் திட்டிய கதை அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தம்பிக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை. அக்கா வீட்டில்தான் சாப்பாடு. கடைசியில் உண்மையைச் சொன்னானே என்று ஊரெல்லாம் அவனை மெச்சுகிறது. மெழுகக்கா மட்டும் மெச்சுவதில்லை. தட்டு நிறையப் பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

"உண்மையைச் சொல்லும்போது அத்தனை திக்குத் திக்கினியே, மன்னிப்பை மட்டும் எப்படிடா அவ்வளவு சரளமா கேட்டே?"

அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவான்.